தூதுவளையை மட்டும்

அன்றைக்கு நிலத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் அண்ணன், அண்ணி, ஜேசிபி ஓட்டி வந்தவர், கல் நட்டு கம்பி வேலி போட வந்த மேஸ்திரி. அண்ணியின் வெள்ளாடு ஒன்று பூவரச மரத்தடியில் கட்டிக் கிடந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் கடையில் இருந்தார். போனில் நாலு தடவை வந்தார், நேரில் இல்லை. இப்போது இந்தக் கதையைச் சொல்கிற சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் தானும் அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். அதனால்தான் முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஐந்து பேர்.

புரட்டாசி மாதம், புதன்கிழமை. மூன்றாம் சனிக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது. கிழமையைச் சொல்லக் காரணம் உண்டு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எங்களுக்கு ஒரு டிபன் கடை. நாலு பெஞ்சு, ஒரு தோசைக்கல், பெயர்ப் பலகை கிடையாது. வாரம் முழுக்க எல்லாக் கடையிலும் கிடைப்பதுதான் எங்களிடமும் கிடைக்கும். சனிக்கிழமை காலையில் தூதுவளை தோசை போடுவேன். புழுங்கலரிசி, மிளகு, சீரகம், பூண்டு, கைநிறைய தூதுவளை இலை, எல்லாம் சேர்த்து அரைத்துக் கல்லில் ஊற்றினால் பச்சை நிறத்தில் ஓரம் முறுகி வரும். கொஞ்சம் கசக்கும். அந்தக் கசப்புக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். விழுப்புரம் பஸ் கண்டக்டர் ஒருவர் சனிக்கிழமை டியூட்டி மாற்றிப் போட்டால் கோபித்துக்கொள்வாராம். "வாரம் பூரா கத்திக் கத்தி கட்டிக்கின தொண்டை இங்கதான்க்கா தொறக்குது" என்பார். புரட்டாசியில் கறி மீன் தொடாதவர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். எங்கள் கடையைப் பெயர் சொல்லாமல் "தூதுவளை கடை" என்று சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். அந்த ஒரு பெயரும் அந்த இலையால் வந்தது.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று தினமும் பயம்; ஒரு நாள் பயம் அதிகமாகி வீட்டோடு நின்றுவிட்டேன். வாத்தியார் போனாரே தவிர பயம் போகவில்லை. கேஸை மூடினேனா, மாவு புளித்துவிட்டதா, சில்லறை சரியாகக் கொடுத்தேனா என்று ஓடிக்கொண்டே இருக்கும். தூதுவளை மாதிரி ஒரு கீரையைப் பிடித்துக்கொண்டது என் குணத்துக்குப் பெரிய சோதனை. இலையின் முதுகில் நடு நரம்பு நெடுகச் சின்னச் சின்னக் கொக்கி முள் இருக்கும். கத்தரிக்கோலால் ஒவ்வொரு முள்ளாக நறுக்கி எடுப்பேன். பிறகு விரலால் தடவிப் பார்ப்பேன். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். அதற்குப் பிறகும், கண்டக்டர் முதல் வாய் விழுங்கி இரண்டாவது வாய்க்குக் கை நீட்டுகிறவரை அடுத்த தோசையை ஊற்ற மாட்டேன்.

இந்த இலை எனக்குக் கிடைத்தது அண்ணன் நிலத்து வேலியில். பனமலை ஏரிக்கரையை ஒட்டி அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர். ஏரிப் பக்கத்து எல்லையில் எங்கள் அப்பா காலத்துக்கு முன்பே போட்ட உயிர்வேலி. கிளுவைதான் முக்கால்வாசி, ஊடே களா, சங்கம் முள், எங்கே பார்த்தாலும் பிரண்டை. தூதுவளையை அங்கே யாரும் நட்டதில்லை. கொண்டைக்குருவி சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு வேலியில் உட்கார்ந்து எச்சம் போடும், கீழே நிழலில் காய்ந்த சருகுக்குள் விதை விழும், தானாக முளைக்கும். முளைத்ததும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் போலிருக்கிறது. தனக்கென்று தண்டில் பலம் கிடையாது. கொக்கி முள்ளைக் கிளுவைக் கிளையில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்து களாவுக்குத் தாவி, ஆள் உயரத்துக்கு மேலே ஏறி, வெயில் பட்ட இடத்தில் ஊதாப் பூவை விரிக்கும். கத்தரிப்பூ மாதிரியே இருக்கும், நடுவில் மஞ்சள் மூக்கு. பதினைந்து அடி நீளத்துக்கு வேலிமேல் அது படர்ந்து கிடந்தது. சித்திரையில் பார்த்தால் செத்துவிட்டது என்று நினைப்போம், இலையே இருக்காது. ஒரு மழை பெய்தால் மூன்றாம் நாள் பச்சை.

வாரா வாரம் ஏன் அவ்வளவு தூரம் போகிறாய், தொட்டியில் வைத்துக்கொள்ளேன் என்று சொன்னவர்கள் உண்டு. வைத்தேன். வாடகை வீட்டு மாடியில் நாலு பெயிண்ட் வாளி. காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர், வெயிலுக்குப் பழைய குடை. நாலும் மஞ்சளாகி, மாவுப்பூச்சி பிடித்து, இலை கொட்டிப் போயின. மறுபடி நாலு வைத்தேன். அவையும் போயின. நான் ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்ப்பதைக் கண்டு என் வீட்டுக்காரர், "அதுக்கு ஹார்லிக்ஸ் ஒண்ணு கலக்கிக் குடுத்துடு, வேற எதுவும் பாக்கி இல்ல" என்றார். அந்தச் செடிக்கு நான் பார்ப்பதே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வேலியில் ஒருத்தரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஒருத்தரும் குடை பிடிப்பதில்லை, செழித்துக் கிடக்கிறது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். அவருக்கு இந்த வருஷம் மல்லாட்டையில், வேர்க்கடலையில்தான், பெரிய அடி. காட்டுப்பன்றிகள் ஏரிப் பக்கம் வேலியில் சந்து கண்டுபிடித்து உள்ளே வந்து, பிஞ்சும் காயுமாகக் கிளறித் தின்றுவிட்டுப் போயிருந்தன. மிச்சத்தைப் பிடுங்கி முடித்திருந்தார்.

"பாப்பா, பன்னி பேஜாரு தாங்க முடில. புதங்கிழமை ஜேசிபி வருது. வேலிய மொத்தமா வாரிட்டு கல்லு நட்டு கம்பி இழுத்துடப் போறேன்" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது, அவருக்கு இன்னும் நான் பாப்பாதான்.

கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். "ண்ணா, தூதுவள?"

"அதுக்கு இன்னா?"

"தூதுவளைய மட்டும் உட்டுடு ண்ணா. நான் வேற எதுவும் கேக்கல. அத்த மட்டும்."

"உட்டுட்டா போச்சு. இதுக்குப் போய் ஏன் அழுவுற மாதிரி பேசற? ஒரு இலை உதிராம நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா தோசைய ஊத்து."

அண்ணன் சொன்னால் செய்கிறவர். ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஜேசிபி வாய்க்கு இது தூதுவளை, இது கிளுவை என்று தெரியுமா? புதன்கிழமை காலை டிபனை முடித்து, பாத்திரத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, விழுப்புரம் பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்குக் காசு வாங்காத பஸ்தான், இருந்தாலும் செக்கர் ஏறி வேறு ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பனமலைக் கோயில் கண்ணில் பட்டதும் ஏரிக்கரைப் பக்கம் மஞ்சளாக ஜேசிபியின் கை தூக்கி நிற்பதும் தெரிந்தது. நடந்தேனா ஓடினேனா தெரியாது.

போய்ப் பார்த்தால் வேலி இல்லை. அந்தப் பக்கத்து எல்லை முழுக்கத் திறந்து, வீட்டுக்குள்ளிருந்து பீரோவை எடுத்துவிட்ட மாதிரி, ஏரி நேராகத் தெரிந்தது. கிளுவையும் களாவும் வேரோடு ஒரு மூலையில் மலையாகக் குவிந்து கிடந்தன. மேஸ்திரி கல்லுக்குக் குழி அளந்துகொண்டிருந்தார். நடுவில் பதினைந்து அடி நீளத்துக்குத் தரையில் ஏதோ பச்சையாக, நனைந்த புடவையைப் பிழியாமல் போட்ட மாதிரி கிடந்தது. கிட்டப் போனேன். என் தூதுவளை.

அண்ணன் முகம் முழுக்கச் சிரிப்பாக வந்தார். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

"பாத்தியா பாப்பா, நீ சொன்ன மாதிரியே. இந்த எடத்துல ஜேசிபிய நான் உடவே இல்ல. நானும் உங்க அண்ணியும் ரெண்டு நாளா அரிவாள வெச்சிக்கினு ஒவ்வொரு கிளுவக் குச்சியா அறுத்து அறுத்து உருவுனோம். வேர அசைக்கல. ஒரு கொடி அறுபடல."

அண்ணி முந்தானையைக் காட்டினார். அது மீன் வலை மாதிரி ஆகியிருந்தது. "உங்க அண்ணன் எனக்குத் தாலி கட்டறப்போகூட இவ்ளோ பதனமா கட்டல" என்றார்.

ஒரு கொடிகூட அறுபடவில்லை என்பது உண்மை. வேர் வேராக இருந்தது, இலை இலையாக இருந்தது. நிற்பதற்கு ஒன்றும் இல்லை. மாட்டிக்கொள்ள ஆளில்லாமல் கொக்கி முட்கள் ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு சிக்காகிக் கிடந்தன. எப்போதும் நிழலில் இருந்த தூரெல்லாம் வெயிலில் வெளுத்துத் தெரிந்தன. மேலே பூத்திருந்த ஊதாப் பூக்கள் மண்ணில் முகத்தை வைத்திருந்தன. நான்தானே மட்டும் என்று சொன்னேன். பத்து வருஷம் வாரா வாரம் அந்த வேலியில் கை விட்டவளுக்கு, அது கிளுவையின் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அழுதால் அண்ணன் மனசு நோகும், சிரித்தால் அண்ணி நோவார் என்று யோசித்து, குனிந்து சிக்கை விரலால் பிரிக்கப் பார்த்தேன். ஜேசிபி ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். தொப்பை வைத்த ஆள், திருவண்ணாமலைப் பக்கம். கீழே பார்த்தார்.

"இன்னா இது, படுத்துக்கினு கீது? ஒடம்பு சரியில்லையா?"

மேஸ்திரி பக்கென்று சிரித்துவிட்டார். அண்ணனுக்குக் கோபம். "படுக்கல, சாஞ்சிக்கினு இருக்குது. கம்பி இழுத்ததும் அதுல தூக்கிக் கட்டிட்டா நின்னுக்கும்" என்றார்.

"கட்டலாம்" என்றார் மேஸ்திரி. "கல்லு பங்குனி சித்திரையில அடுப்பு மாதிரி காயும். கம்பி அதுக்கு மேல. கீழ நெழல் வேற இல்ல. அப்புறம் தூதுவள பறிக்க வேணாம்மா, வறுத்தே எடுத்துக்கலாம்."

அண்ணன் துணி சுற்றிய கையால் தலையைச் சொறிந்தார். சிரிப்பு போய்விட்டது. "மட்டும்னு சொன்னியே பாப்பா" என்றார் மெதுவாக.

"சொன்னேன் ண்ணா. எம்மேலதான் தப்பு."

"ரெண்டு பேரும் அப்புறமா உக்காந்து தப்ப பங்கு போட்டுக்கோங்க" என்றார் அண்ணி. "கிளுவ குச்சி நட்டாலே தழைக்கிற ஜாதி. மண்ணு ஈரமா கீது, ஐப்பசி மழ வரப்போவுது. அங்க மல மாதிரி குமிஞ்சி கெடக்குதே, அதுல நல்ல போத்தா பாத்து நட்டு இத்த தூக்கி மேல போட்டா முடிஞ்சிது."

எல்லோரும் குவியலைப் பார்த்தோம். பிறகு அண்ணன் இடத்தைப் பார்த்தார். கல் வேலிக்கான கயிறு கட்டியாகிவிட்டது. அதைத் தாண்டி வெளியே ஏரிப் புறம்போக்கு, அங்கே நட முடியாது. நடுவதென்றால் கயிற்றுக்கு உள்ளே, அவர் நிலத்தில் மூன்று அடி உள்வாங்கித்தான் நடவேண்டும். தூரும் அங்கேதான் இருந்தது.

"மூணு அடிக்குப் பாஞ்சடி" என்றார் அண்ணன். "எத்தினி மல்லாட்ட தெரியுமா?"

"பன்னி தின்னத விட கம்மிதான்" என்றார் அண்ணி.

"நீ எந்தப் பக்கம்?"

"நான் தோச பக்கம்."

அண்ணன் குனிந்தார். கீழே கிடந்ததைப் பார்த்தார். இரண்டு நாள் கை கிழித்துக்கொண்டு காப்பாற்றியது அவருக்கும் பிடித்துப்போயிருக்க வேண்டும். "சரி, ஜல்தி ஆவட்டும், வண்டி சும்மா நிக்கிது" என்றார்.

ஜேசிபி தூருக்குப் படாமல் பக்கத்தில் ஒரு நீளப் பள்ளம் வழித்தது. அந்த இரும்பு வாய் ஒரு முழம் தள்ளி இறங்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டுகிறவர் கேபினிலிருந்து, "அக்கா, கண்ண நீ மூடிக்கோ, நான் மூடல" என்றார். பிறகு குவியலில் கை கனத்துக் கிளுவைக் கிளைகளைப் போத்தாக நறுக்கி முப்பது முப்பத்தைந்து எடுத்து, நெருக்கி நெருக்கி ஊன்றி மண்ணை மிதித்தோம். களாவில் வேர் உடையாத இரண்டு புதரை மேஸ்திரி இரு கோடியிலும் வைத்தார், யாரும் சொல்லாமலே.

தூக்குவதுதான் கஷ்டம். கவைக்கொம்பு வெட்டிக்கொண்டு நாலு பேர் நாலு இடத்தில் கொடுத்து, ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒருத்தர் முந்தினால் கொடி அறும். அண்ணன் "ஒண்ணு, ரெண்டு" என்பார், அண்ணி இரண்டிலேயே தூக்கிவிடுவார். "மூணு வரைக்கும் எண்ணுவேன்னு எத்தினி தபா சொல்றது?" "நீ மூணு சொல்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்." ஜேசிபிக்காரர் பாதியில் ஓடி வந்து தானும் ஒரு கொம்பைக் கொடுத்தார். அரைமணி நேரம் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, கடைசியில் தூதுவளை போத்துகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. கல்யாண மண்டபத்தில் இடம் கிடைக்காத பெரியம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் உட்கார்ந்தது. முள் முதல் கிளையைக் கவ்விக்கொண்டதை நான் பார்த்தேன். தூருக்குச் சருகை அள்ளிப் போட்டு மூடினோம். என் முழங்கை முழுக்கக் கீறல். எல்லோருக்கும் கீறல். ஜேசிபிக்காரர், "பத்து வருசமா வேலி புடுங்கறேன், இன்னிக்கித்தான் மொத தபா நட்டேன்" என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்தக் களேபரத்தில் ஒடிந்த நுனிகளையெல்லாம் பொறுக்கினேன், இரண்டு பை நிறைந்தது. மூன்றாம் சனிக்கிழமை தோசைக்கு அதுவே போதுமானது. கண்டக்டர் மூன்று சாப்பிட்டார்.

அதற்கடுத்த நாட்களில்தான் பயம் நன்றாகப் பிடித்தது. அண்ணன் போனில், "இலையெல்லாம் தொங்கிப் போச்சி பாப்பா" என்றார். மறுநாள் பாதி உதிர்ந்தது என்றார். நான் தினமும் காலை ஆறு மணிக்குப் போட்டோ கேட்டேன். நாலு நாள் அனுப்பினார். ஐந்தாம் நாள் வந்ததில் வெயில் சாய்ந்த மாதிரியிருக்க, காலையில் ஏது மேற்கு வெயில் என்று கேட்டேன். "நேத்து சாயங்காலம் எடுத்தது. தெனம் ஆறு மணிக்கு அதுக்கு இன்னா புதுசா நடந்துடப் போவுது, உடு அத்த" என்றார். நான்காம் சனிக்கிழமை தூதுவளை தோசை இல்லை. ஐந்தாம் சனிக்கிழமையும் இல்லை. கண்டக்டர் வெறும் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அக்கா, பேர மாத்திடுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. நிலத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் வீட்டுக்காரர் விடவில்லை. "மாடியில பாத்த கதி பத்தாதா? நீ பாக்காம இருக்கறதுதான் அதுக்கு ஒரம்" என்றார். அதில் நியாயம் இருந்தது. போகவில்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் நான் கேட்காமலே அண்ணனிடமிருந்து போட்டோ வந்தது. பாதிக்கு அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது. மிச்சப் பாதியில் கிளுவைப் போத்தின் தோலைப் பிளந்துகொண்டு நெல்மணி அளவு துளிர்கள். அதன் பக்கத்திலேயே வேறு பச்சை, ஓரம் வளைந்த சின்ன இலை, என் கண்ணுக்கு எங்கே வைத்தாலும் தெரியும் இலை. பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகில் முள்கூட வந்துவிட்டது. கார்த்திகையில் நானே போனேன். கம்பி வேலிக்கு உள்ளே கிளுவை ஒரு முழம் தழைத்திருக்க, தூதுவளை அதைத் தாண்டி மேலே தலையை நீட்டி நாலு பூ பூத்திருந்தது. கொண்டைக்குருவி ஒன்று கம்பியில் உட்காராமல் களாவில் வந்து உட்கார்ந்தது. பன்றியும் அந்தப் பக்கம் வரவில்லை என்று அண்ணன் சொன்னார். அந்தச் சனிக்கிழமை கல்லில் முதல் பச்சைத் தோசையை ஊற்றி, ஓரம் முறுகியதும் கண்டக்டர் தட்டில் போட்டேன்.

போத்து நட்டதற்கு ஜேசிபி கூடுதலாக முக்கால் மணி நேரம் நின்றது. அதற்கு அண்ணன் கொடுத்தது தொள்ளாயிரம் ரூபாய். செடி உன்னுடையது, வண்டி வாடகையும் உன்னுடையது என்று சொல்லிவிட்டார். மூன்று அடி நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, வாடகையில் கறாராக இருக்கிறார். அன்றைக்கே பையிலிருந்த ஐந்நூறைக் கொடுத்தேன். போன வாரம் திண்டிவனத்துக்கு விதை மல்லாட்டை வாங்க வந்தவர் கடையில் ஆறு தூதுவளை தோசை சாப்பிட்டார். அதைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"தங்கச்சி வூட்ல துன்னதுக்கு ஏது கணக்கு?" என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அது வேற, இது வேற."

பாக்கி நானூறு ரூபாய்.